கழுத்துவலிக்குத் தைலம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

என் 12 வயது மகள் "கழுத்து வலிக்குதும்மா" என்றபோதெல்லாம் தைலம் தேய்த்துவிட்டு, சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டபோது தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள், அப்புறம்தான் பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினோம், அவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே முதல் கேள்வியே, போனை எப்படிப் பிடிப்பாய் என்பதுதான். மடியில் வைத்து, முகவாய் நெஞ்சைத் தொடுமளவு குனிந்து காட்டினாள். பெரியவர்கள் 60 டிகிரி குனிந்தாலே கழுத்தில் சுமார் 27 கிலோ சுமை விழும் என்று 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணக்கிட்டிருக்கிறார். இவள் மணிக்கணக்காக அப்படியே கிடந்திருக்கிறாள்!

சொல்லிக்கொடுத்தவை எளிய பயிற்சிகள்தான். சுவரில் சாய்ந்து நின்று, முகத்தை நேராக வைத்தபடி முகவாயைப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துவது, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்ப்பது. தினமும் விடாமல் செய்ததில் சில வாரங்களில் வலி குறைந்தது. ஆனால் கை மரத்துப்போனாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ பயிற்சி என்று உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிகளில் விளையாட்டு வகுப்பின் முதல் 5 நிமிடத்தை இந்தப் பயிற்சிகளுக்கு ஒதுக்கலாமே?

— ஒரு தாய்