கிளினிக் வரிசையில் நிற்கும் முதியோருக்காக: சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

அரச வைத்தியசாலைகளில் மாதாந்தக் கிளினிக் எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்பற்றாக்குறையோடு அங்கு பாடுபடும் வைத்தியர்களையும் தாதியரையும் நான் குறை கூறவுமில்லை. ஆனால், சென்ற வாரம் கொழும்பிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் நடந்ததைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் நெடுநாளாக உண்டு. இரண்டும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. இலக்கத் துண்டு எடுப்பதற்காக விடியுமுன்பே கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் சென்று, வெறும் வயிற்றோடு பரிசோதனைக்குக் குருதி கொடுத்து, எழுந்து போனால் இலக்கம் தவறிவிடுமோ என்ற பயத்தில் அதன் பிறகும் ஒன்றும் சாப்பிடாமல் வாங்கிலேயே இருந்தார். வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துச் சென்ற மாதத்து மருந்துகளையே மறுபடியும் எழுதினார். அந்த மருந்துகளை எடுக்க வரிசையில் நின்றபோதுதான் அம்மா தலை சுற்றி என் கையைப் பிடித்தபடியே சரிந்தார். பின்னால் நின்ற, அவரைவிட மூத்த ஒரு ஐயா தமது பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அவரும் காலையிலிருந்து காத்திருப்பவர்தான்.

நான் கேட்பது இதுதான்: நோய் கட்டுப்பாட்டிலுள்ள முதியவர்களை ஒரு மாதம் விட்டு ஒரு மாதமாவது தொலைபேசியில் விசாரித்து, மருந்துகளைத் தபாலில் அனுப்பி வையுங்கள். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகளைத் தபாற்காரர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

தொலைமருத்துவம் என்றதும் செயலியும் கடவுச்சொல்லும் கேட்காதீர்கள். கண்ணில் வெண்புரை உள்ளவருக்குச் சாதாரண அழைப்பே போதும். காலில் புண் உண்டா, மூச்சு வாங்குகிறதா, மாத்திரை தவறியதா என்று கேட்டறிந்து, சந்தேகம் உள்ளவரை உடனே வரவழைக்கலாம். நேரில் பார்த்தே தீரவேண்டிய நோயாளருக்கு அப்போது வைத்தியரின் நேரமும் கூடுதலாகக் கிடைக்கும்.

அந்த அழைப்பு தமிழிலும் இருக்க வேண்டும். நேரிலென்றால் மொழி தெரியாதவர் வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிச் சமாளிப்பார். தொலைபேசியில் அதற்கும் வழியில்லை. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் முதியோர் தினமான ஒக்டோபர் முதலாம் திகதி மேடையேற்றி மாலை அணிவிக்கப்படுபவர்களும், மறுநாள் இருட்டோடு எழும்பி இலக்கத் துண்டுக்கு ஓடுபவர்களும் ஒரே மனிதர்கள்தான் என்பதை யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? வாழ்நாள் முழுவதும் உழைத்து வரி கட்டியவர்களை இப்படி நடத்துவது எந்த வகையில் நியாயம்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். கொழும்பில் ஒரே ஒரு கிளினிக்கிலாவது தொலைபேசி விசாரிப்பையும் தபால்வழி மருந்து விநியோகத்தையும் தொடங்கி, தொடங்கும் திகதியை மும்மொழியிலும் அறிவித்தல் பலகையில் அறியத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழும்பு 13 இலிருந்து ஒரு மகள்