வரியை உயர்த்தும் முன் வரவு செலவைக் காட்டுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
14-ஆவது வார்டு சொத்து வரி செலுத்துவோர்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வரும் நிதியாண்டின் வரவு செலவுத் திட்ட வரைவை, மன்றத்தில் வைக்கும் முன் மக்கள் பார்வைக்கு வைக்கவும், சொத்து வரியின் கேட்பு (கட்டச் சொல்லிக் கேட்கும் தொகை), வசூல், நிலுவை விவரத்தை வார்டு வாரியாக வெளியிடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கும் எல்லோரும் வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள். ஏப்ரல் 30-க்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதற்காக, வெயிலில் வரி வசூல் மையத்தின் முன் வரிசையில் நிற்கிறவர்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். 1990-களில் இருந்து கட்டிய ரசீதுகளை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். கார்பன் வைத்து எழுதிய ரசீது, அப்புறம் கம்ப்யூட்டர் ரசீது, இப்போது கைக்கருவியில் இருந்து வரும் வழவழப்பான துண்டுச்சீட்டு. அந்தத் துண்டுச்சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால், அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்து வைக்கிறார். மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது அவர் கேட்டது இதுதான்: "நான் கட்டினதுக்கெல்லாம் சீட்டு இருக்கு. அவங்க செலவு பண்ணினதுக்குச் சீட்டு எங்கப்பா?"

எங்கள் கோரிக்கை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வரியே வேண்டாம் என்றோ, உயர்வை ரத்து செய்யுங்கள் என்றோ கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. 2008-க்குப் பிறகு 2022 வரை சொத்து வரிப் பொது சீராய்வு நடக்கவில்லை என்பதும், அந்தப் பதினான்கு ஆண்டுகளில் நகராட்சியின் சம்பளச் செலவும் மின்கட்டணமும் டீசல் விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 2022-ல் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கடினமாக இருந்தது, கட்டினோம். அதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம், அல்லது மாநில உள்நாட்டு உற்பத்தியின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இரண்டில் எது கூடுதலோ அது என்ற ஏற்பாடு வந்தது. 2024-ல் சென்னை மாநகராட்சி மன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. எங்கள் கேட்புச் சீட்டிலும் அந்த உயர்வு வந்து சேர்ந்தது.

இதன் பின்னால், மத்திய நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதி ஆணையங்களில் 15-ஆவது ஆணையம் போட்ட நிபந்தனை இருந்தது என்பதையும் அறிவோம். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளரும் அளவுக்காவது வரி வசூலும் வளர வேண்டும், இல்லையென்றால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் கிடைக்காது என்றது அது. ஆக, விகிதம் முழுக்க உங்கள் கையில் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரண்டு மடங்காகிவிடும். 2022-க்கு முந்தைய தொகையோடு ஒப்பிட்டால், மிகச் சிறிய வீட்டுக்கே 25 சதவீத உயர்வும் ஐந்து ஆண்டு உயர்வும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். சூத்திரம் தானாக ஓடுகிறது, சரி. கூடுதலாக வரும் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதும் தானாகத் தெரிய வேண்டாமா?

கடந்த மார்ச் மாதம் எங்களில் நான்கு பேர் பட்ஜெட் கூட்டத்தைப் பார்க்கப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். உறுப்பினர்களுக்குப் பட்ஜெட் புத்தகம் அன்று காலையில்தான் கையில் கிடைத்தது. ஜெராக்ஸ் சூடு கூட ஆறவில்லை. எங்கள் வார்டு உறுப்பினர் தன் வார்டுக்கு என்ன இருக்கிறது என்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வார்டு வாரியாக அதில் ஏதும் இல்லாததால் அவருக்குக் கிடைக்கவில்லை. மொத்த வரவு, மொத்த செலவு, பற்றாக்குறை என்று மூன்று எண்களை வாசித்தார்கள். இரண்டு உறுப்பினர்கள் தெருவிளக்கு பற்றிப் பேசினார்கள். அதற்குள் "தீர்மானம் நிறைவேற்றப்பட்டது" என்று மேஜை தட்டும் சத்தம் கேட்டது. ஓர் ஊரின் ஓராண்டு வரவு செலவு, நாங்கள் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் காலியாவதற்குள் முடிந்துவிட்டது. உறுப்பினர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. காலையில் கொடுத்த புத்தகத்தைப் பிற்பகலில் யாரால் படித்துக் கேள்வி கேட்க முடியும்?

அதன் பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து மூன்று ஆண்டு பட்ஜெட்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று பத்திகள் இருக்கின்றன: முந்தைய ஆண்டின் அசல் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. எங்கள் வார்டின் வடக்குத் தெருக்களுக்கான மழைநீர் வடிகால் பணி மூன்று ஆண்டுகளாக மதிப்பீட்டில் இருக்கிறது. திருத்திய மதிப்பீட்டில் பாதியாகக் குறைகிறது. அசல் கணக்கில் ஒரு சிறு கோடு மட்டும். மறு ஆண்டு மதிப்பீட்டில் மறுபடியும் முழுத் தொகை. எங்கள் தெருவில் ஐப்பசி மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கான காரணம் அந்தக் கோட்டில் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். ஒப்பந்தப்புள்ளிக்கு யாரும் வராததாலா, அந்தப் பணம் வேறு வேலைக்குப் போனதாலா, வரவே குறைந்துவிட்டதாலா? இதற்கு ஒரு வரி விளக்கம் இருந்திருந்தால் இந்த மனுவில் பாதியை எழுதியிருக்க மாட்டோம்.

அந்த மூன்று பத்திகளைப் பார்க்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. விண்ணப்பம் போட்டு, பதில் வராமல் மேல்முறையீடு செய்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வாங்கினோம். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பட்ஜெட் ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அதைச் செய்தால் எங்கள் நேரமும் மிஞ்சும், உங்கள் பொதுத் தகவல் அலுவலரின் நேரமும் மிஞ்சும்.

அடுத்து வசூல். விகிதத்தை உயர்த்துவது ஒரு வழி. கட்டாதவர்களிடம் வாங்குவதும், கணக்கில் வராத கட்டடங்களைக் கணக்கில் கொண்டுவருவதும் இன்னொரு வழி. முதல் வழியின் பாரம் முழுக்க ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் விழுகிறது. எங்கள் வார்டிலேயே தரைத்தளத்துக்கு மட்டும் வரி விதிக்கப்பட்ட வீடு இன்று மூன்று மாடியாக நிற்கிறது. கீழே கடை, மேலே வாடகைக் குடியிருப்பு, கேட்புப் பதிவேட்டில் அது இன்னும் பழைய ஓட்டு வீடுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் 560 சதுர அடிக்கு ஆண்டுதோறும் ஆறு சதவீதம் கூட்டிக் கட்டுகிறார். இதைப் பார்க்கிறவருக்கு அடுத்த முறை வரிசையில் நிற்க எப்படி மனம் வரும்? பில் கலெக்டர்கள் ஒருவருக்குப் பல வார்டுகள் என்று அலைகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும், அவர்கள் மேல் பழி போட விரும்பவில்லை. ஆனால் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்ற கணக்கு உங்கள் வருவாய்ப் பிரிவில் மாதாமாதம் தயாராகிறது. அதை வார்டு வாரியாக, நடப்பு வேறு பழைய நிலுவை வேறு என்று பிரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அரசு அலுவலகங்களும் பெரிய வணிகக் கட்டடங்களும் வைத்திருக்கும் நிலுவையைத் தனியாகக் காட்டுங்கள். நீதிமன்ற வழக்கில் நிற்கும் தொகையையும் தனியாகக் காட்டினால் வசூலாகக்கூடியது எவ்வளவு என்பது எல்லோருக்கும் புரியும்.

நூலக வரி பற்றியும் ஒரு வார்த்தை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்த்து வாங்குகிறீர்கள். விடுதலைக்குப் பின் இந்த நாட்டில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில் 1948-ல் வந்தது, எங்களுக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பணம் நகராட்சியின் வருமானம் இல்லை, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டியது. எவ்வளவு வசூலானது, எவ்வளவு அனுப்பப்பட்டது என்று பட்ஜெட்டில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். எங்கள் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலி இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் கேட்கிறோம்.

இனி நாங்கள் குறிப்பாக வேண்டுவது. பட்ஜெட் வரைவைப் பிப்ரவரி முதல் வாரத்தில், மன்றக் கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாக, உறுப்பினர்களுக்கும் மக்களுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்ற மூன்றையும் கலக்காமல், ஒவ்வொன்றிலும் என்ன வந்தது, என்ன செலவானது, என்ன கடன் இருக்கிறது என்று சாதாரணத் தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று சேர்த்துவிடுங்கள். வார்டு வாரியாகப் பணிகளின் பட்டியல் அதில் இருக்கட்டும். முந்தைய ஆண்டு ஒதுக்கிச் செலவிடாத பணிக்கு எதிரே காரணம் எழுதியிருக்கட்டும். அந்த ஆண்டு சொத்து வரி உயர்வால் கூடுதலாக எதிர்பார்க்கும் தொகை எவ்வளவு, அது எந்தப் பணிக்கு என்பதும் ஒரே இடத்தில் தெரியட்டும்.

அப்புறம், அதைப் பேச ஓர் இடம் வேண்டும். பக்கத்து ஊராட்சியில் கிராம சபையில் வரவு செலவை வாசிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், சில நேரம் சண்டையும் போடுகிறார்கள். நகரத்தில் இருக்கிற எங்களுக்கும் 2022-ல் வார்டு குழு, பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபாக்கள் நடந்தன. நாங்களும் ஆசையோடு போனோம். குப்பை, நாய், தெருவிளக்கு என்று மனுக்கள் வாங்கிக்கொண்டார்கள். பட்ஜெட் பற்றிய பேச்சே வரவில்லை. வரைவு வெளியான பின் பிப்ரவரியில் பகுதி சபாவைக் கூட்டி இதை மட்டும் பேச வையுங்கள். புனே மாநகராட்சி 2006 முதல் மக்களிடம் படிவம் வாங்கி வார்டு அளவிலான சிறு பணிகளைப் பட்ஜெட்டில் சேர்த்தது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், சபாவில் வந்த கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி மன்றத்தில் வைக்கும் பட்ஜெட்டோடு இணைத்தால் எங்களுக்குப் போதும்.

இதற்கெல்லாம் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவைப்படாது. கணக்குகள் ஏற்கெனவே உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கின்றன.

வரைவு எந்தத் தேதியில் வெளியாகும் என்பதை மட்டும் முதலில் எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பகுதி சபாவுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், எங்கள் தெருவில் உள்ள நகராட்சி நடுநிலைப் பள்ளி மாலை ஐந்து மணிக்குப் பிறகு காலியாகத்தான் இருக்கும். நாற்காலிகளை நாங்களே கொண்டுவந்து போட்டுவிடுகிறோம். பாட்டி தன் மஞ்சள் பையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
14-ஆவது வார்டு சொத்து வரி செலுத்துவோர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பட்ஜெட் பக்கங்களின் நகல்.