படகையும் என் கையையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

இந்த மடலை என் வலது கையால் எழுதுகிறேன். நான்கு மாதமாகக் கையெழுத்துகூடப் போட முடியாமல் இருந்தவள், கை சரியானதும் முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நானும் இவரும் ஆறு வருடமாகப் பணம் சேர்த்து, எங்கள் பாய்மரப் படகில் போகத் திட்டமிட்ட கடல் பயணம். புறப்பட 11 நாள் இருக்கும்போது ஈரமான மேல்தட்டில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்களும் சாமான்களை ஏற்றிக்கொண்டுதான் இருந்தோம்.

பக்கத்துப் படகு அக்கா, நீங்கள் மட்டும் விடவில்லை. கட்டைவிரலை விரிக்கச் சொல்லி, அதன் அடியில் விழும் சின்னக் குழியில் மெதுவாக அழுத்தினீர்கள். கத்திவிட்டேன். “இது சுளுக்கு இல்லம்மா. இந்த எலும்பு உடைஞ்சா முதல் எக்ஸ்ரேல சில சமயம் தெரியாது” என்று நீங்களே கூட்டிப்போனீர்கள். எத்தனை வருடம் செவிலியராக இருந்த கை அது! ஸ்கேனில் விரிசல் தெரிந்தது.

உடைந்தது ஸ்காஃபாய்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஒரு சின்ன எலும்பு. படகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயராம். அதன் வடிவமும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த எலும்புக்குப் பெரும்பாலான இரத்தம் விரல் பக்கமாக நுழைந்து பின்னோக்கி ஓடுவதால், உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் சரியாகப் போகாது. ஒட்ட நாளாகும். கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய் மூட்டும் தேய்ந்துவிடலாம். முதல் கட்டம் தாண்டியதும் இருவர் மட்டும் போகும் படகில் மாற்றி மாற்றித்தான் காவல் இருக்க முடியும். நடுக்கடலில் எனக்குக் கை போயிருந்தால் இவருக்குத் தூக்கமே இருந்திருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைக்கிறேன், அக்கா.

12 வாரம் மாவுக்கட்டு. அதற்குள் சாதகமான காற்றும் போய்விட்டது. அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும் என்றதும் நான் அழுதேன். இவர் ஒன்றும் பேசவில்லை, வரைபடங்களைச் சுருட்டி உள்ளே வைத்தார்.

படகைச் சும்மா நிறுத்தி வைத்தால் கெடும். அடியில் பாசியும் கொட்டலசும் ஏறும், பேட்டரி இறங்கும், உள்ளே கசியும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர் என்னோடு மருத்துவமனைக்கு அலைந்த நாட்களில் இதையெல்லாம் செய்தது படகுத்துறையில் இருக்கும் தம்பிகள். காற்று பலமாக அடித்த இரவுக்கு மறுநாள் வந்து பார்த்தேன். கட்டுக்கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் யாரோ பழைய துணியை மடித்துச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். யார் என்று கேட்டால் ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

பிசியோதெரபி சொல்லித்தந்த தங்கைக்கும் நன்றி. முதல் நாள் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை. போன வாரம் கயிற்றை இழுக்கும் வின்ச்சை நானே சுற்றிப் பாயை முழுசாக ஏற்றினேன். வலிக்கவில்லை. அப்புறம், முதல் கட்டத்துக்கு எங்களோடு வர விடுப்பு எடுத்திருந்த நண்பர், அதை ரத்து செய்துவிட்டு அடுத்த வருடத்துக்கும் கேட்டு வைத்திருக்கிறார். முகம் சுளிக்கவே இல்லை.

காற்று திரும்பியதும் புறப்படுகிறோம். அன்று கரையில் கயிற்றை அவிழ்த்துவிட நீங்கள் எல்லோரும் வர வேண்டும். அந்தத் துணியைக் கட்டியவர் கட்டாயம் வர வேண்டும், அந்தக் கயிறு அவருக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துப் படகுக்காரி