பழைய போனை அன்றே கடையில் கொடுத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐபோனா, ஆண்ட்ராய்டா என்று நாளிதழ்களில் வரும் ஒப்பீடுகளில் கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுகிறவர் எதை இழப்பார் என்பது இருக்காது. அந்த இழப்பு கடைக் கவுண்டரிலேயே நடந்துவிடுகிறது. எக்ஸ்சேஞ்ச் விலைக்காகப் பழைய போனில் உள்ளதையெல்லாம் அழித்து, அங்கேயே ரீசெட் செய்து கொடுத்துவிடுகிறார்கள். இறந்துபோன அப்பாவின் குரல் பதிவு, பிள்ளை பிறந்த அன்று வந்த படங்கள், எல்லாம் வாட்ஸ்அப்போடு போய்விடுகின்றன.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப், அதாவது சேமிப்பு நகல், கூகுள் கணக்கில் சேர்கிறது. ஐபோனோ ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில்தான் தேடும். கூகுளில் கிடக்கும் பேக்கப்பை அதனால் எடுக்க முடியாது. எனவே இரண்டு போன்களும் கையில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைப் போட்டு, இரண்டையும் சார்ஜரில் சொருகி, ஒரே வைஃபையில் வையுங்கள். புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போது ‘ஆண்ட்ராய்டிலிருந்து’ என்பதைத் தேர்ந்தால் ஓர் எண் காட்டும். அதைப் பழைய போனில் இட்டு, பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஐபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, பழைய வாட்ஸ்அப்பில் இருந்த அதே போன் எண்ணில் நுழைய வேண்டும்.

இது பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம், நடுவே பழைய போனில் அழைப்பு வருவதும் வேறு செயலியைத் திறப்பதும்தான். மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுங்கள். படங்கள் நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். கடையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. ஐபோனை அமைத்து முடித்த பிறகு நினைவு வந்தால், அதை ரீசெட் செய்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அழைப்புப் பட்டியல் எப்படியும் வராது.

வாட்ஸ்அப்பை ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்ற இரண்டையும் கேபிளால் இணைக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் தேவை. மாறும் முன் ஐபோனில் ஐமெசேஜை (ஐபோன்களுக்குள் செய்தி அனுப்பும் ஆப்பிளின் வசதி) அணைக்க மறக்கக் கூடாது. அணைக்காவிட்டால், ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமலே போகலாம்.

யுபிஐ இன்னொரு சிக்கல். புது போனில் செயலி ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணை உறுதி செய்யும். ஆண்ட்ராய்டில் அது தானாகப் போகும். ஐபோனில் செய்தி தயாராக வந்து நிற்கும். அனுப்பும் பொத்தானை நாம் அழுத்த வேண்டும், அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. இரண்டு சிம் இருந்தால் வங்கியில் பதிந்த எண்ணிலிருந்தே போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம் என்றால் போகாது. போன் மாற்றியதும் சில வங்கிகள் ஆண்ட்ராய்டில் 24 மணி நேரமும் ஐபோனில் 72 மணி நேரமும் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடுவதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் போன் மாற்றுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எதை வாங்குவது? வீட்டில் சந்தேகம் கேட்டால் சொல்லிக்கொடுப்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்வேன். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் மோசடி ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) ஐபோனில் நிறுவப்படாது. அது பெரிய பாதுகாப்பு. ஆண்ட்ராய்டு என்றால் ‘தெரியாத செயலிகளை நிறுவுதல்’ என்ற அமைப்பில் வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அனுமதி இல்லை என்பதை வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும்.

ஐபோன்தான் நீண்ட நாள் உழைக்கும் என்ற பேச்சு இப்போது முழு உண்மையில்லை. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2025இல் வந்த ஐஓஎஸ் 26 என்ற இயங்கு மென்பொருள் கிடைக்கவில்லை. 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு பலவற்றுக்கு இதில் பாதிகூட இல்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

ஆகவே அடுத்த ஒப்பீட்டு அட்டவணையில் ‘பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை’ என்று ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மெகாபிக்சல் வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்