வியாசர்பாடி பசங்க பாறை பாக்கணும், கை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வியாசர்பாடி சாயங்கால டியூஷன் சென்டர் கமிட்டி சார்பா எழுதுறேன். நம்ம பசங்கள நாமக்கல் பக்கம் பாறை பாக்க கூட்டிட்டு போகவும், ஒரு மைக்ராஸ்கோப் வாங்கவும் காசு சேக்குறோம். கொஞ்சம் நீளமா போகும், காசு கேக்குறோம்னா எதுக்குன்னு முழுசா சொல்லணும்ல.

பக்கத்து மெக்கானிக் ஷாப் அண்ணன் ஒரு பழைய கார்ல கழட்டுன கேட்டலிடிக் கன்வெர்ட்டர, அதான் வண்டிப் புகைய சுத்தம் பண்ற பாகத்த, அறுத்து குடுத்தாரு. உள்ள தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டை, இதுமேல பிளாட்டினம், பல்லேடியம்னு வெலை ஒசந்த உலோகம் பூசிருக்குன்னு சொன்னதும் எட்டாவது படிக்கிற பாப்பா ஒண்ணு "அது எந்த ஊர்ல சார் விளையுது"ன்னு கேட்டுச்சு. அங்க ஆரம்பிச்சதுதான் எல்லாம்.

உலகத்து பிளாட்டினத்துல பெரும்பங்கு தென்னாப்பிரிக்கால இருக்கிற புஷ்வெல்டுங்கிற பெரிய பாறைப் பகுதில இருந்துதான் வருது. சுமார் 205 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கடியில 1200 டிகிரி சூட்டுல பாறைக்குழம்பு ஏறி வந்து உள்ளயே தேங்கி நின்னு மெதுவா ஆறுச்சு, ஆற ஆற ஆலிவின், குரோமைட்ங்கிற கனிமங்க முதல்ல கட்டியாகி அடியில படிஞ்சிது, அப்புறம் பைராக்சீன், பிளாஜியோகிளேஸ், இப்படியே அடுக்கு மேல அடுக்கா பல கிலோமீட்டர் கனத்துக்கு. வெறும் படிஞ்சதாலயா, இல்ல புதுப்புது குழம்பு உள்ள வந்து கலந்ததாலயான்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் வாதாடுறாங்க.

பிளாட்டினம் விஷயம் நம்ம வீட்டு அடுப்புலயே புரியும். காசிமேட்டு மீன் வாங்கி குழம்பு வெச்சா எண்ணெ பிரிஞ்சு நிக்கும்ல, மிளகாத்தூள் செவப்பெல்லாம் அந்த எண்ணெயிலதான் ஏறி நிக்கும், தண்ணில தங்காது. அதே மாதிரி பாறைக்குழம்புல கந்தகம் அளவுக்கு மேல சேந்தா சல்ஃபைடு (கந்தகமும் உலோகமும் சேந்தது) துளித்துளியா பிரியும், சுத்தி இருக்கிற பிளாட்டினம், பல்லேடியத்தெல்லாம் தன்கிட்ட இழுத்துக்கும். ஒரே வித்தியாசம், இது எண்ணெ மாதிரி மிதக்காது, கனம், கீழ எறங்கும். ஆறுனப்புறம் கந்தகத்தோட சேந்து கூப்பரைட், ஆர்செனிக்கோட சேந்து ஸ்பெரிலைட்னு அபூர்வ கனிமமா ஆகும். புஷ்வெல்டுல பிளாட்டினம் இருக்கிற, 1924ல கண்டுபிடிச்ச மெரென்ஸ்கி ரீஃப்ங்கிற அடுக்கு பல எடத்துல ஒரு மீட்டர் கனம்கூட இல்ல, ஒரு டன் கல்ல ஒடச்சா சில கிராம்தான் தேறும்.

இதுக்கு ஆப்பிரிக்கா போக வேணாம்ங்க. நம்ம நாமக்கல் மாவட்டத்து சித்தம்பூண்டில சுமார் 250 கோடி வருஷத்து அடுக்குப் பாறை கெடக்கு. வெள்ளையா அனார்த்தோசைட்ங்கிற பாறை, நடுவுல கறுப்பா குரோமைட் பட்டை. பூமிக்குள்ள நசுங்கி மடிஞ்சதால அடுக்கு படுக்கையா இருக்காது, ஆனா கண்ணால பாக்கலாம். இந்திய புவியியல் ஆய்வுத்துறை அங்க பிளாட்டினம் தேடிருக்காங்க, சந்திரயான் லேண்டர டெஸ்ட் பண்ண இஸ்ரோ நெலா மண்ணு மாதிரி செஞ்சதும் அந்தப் பக்கத்து கல்லுலதான்.

இப்ப தேவை ரெண்டு. ஒண்ணு, சித்தம்பூண்டி போய் வர 40 பசங்களுக்கு ஒரு ராத்திரி பஸ்ஸு, சாப்பாடு, 52,000 ரூபா. இன்னொண்ணு போலரைசிங் மைக்ராஸ்கோப்பும் (ஒளிய ஒரே திசையில அதிர வெச்சு கனிமத்த பாக்குறது) பாறை ஸ்லைடும், 70,000. கல்ல 0.03 மில்லிமீட்டருக்கு தேச்சு கண்ணாடில ஒட்டிருப்பாங்க, வெறும் கண்ணுக்கு அழுக்கு மாதிரிதான் தெரியும், மைக்ராஸ்கோப்புல வெச்சு திருப்புனா ஆலிவின் நீலம் மஞ்சள் ரோஸுன்னு பளபளக்கும், பிளாஜியோகிளேஸ்ல கறுப்பு வெள்ளை கோடு ஓடும், குரோமைட் மட்டும் எவ்ளோ திருப்புனாலும் கறுப்பாவே நிக்கும். நான் காலேஜ்ல ஒரு தடவ பாத்தது, இன்னும் கண்ணுலயே நிக்குது. அத நம்ம புள்ளைங்க பாக்கணும்.

போன வருஷம் ஒரு கடையில செகண்ட் ஹேண்ட் மைக்ராஸ்கோப் வாங்கி ரெண்டே மாசத்துல லென்ஸ் பூஞ்சை புடிச்சு போச்சு, உங்க காசு 18,000 வீணாச்சு, அதுக்கு கமிட்டி பொறுப்பு. இந்த தடவ ரிட்டயர்டு ஜியாலஜி வாத்தியார் ஒருத்தர் கூட வந்து பாத்து சரின்னு சொன்னாதான் பணம் குடுப்போம், பில்லு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம்.

இதுவரைக்கும் 41,500 வந்திருக்கு, அதுல 3,000 மார்க்கெட்ல மீன் விக்கிற அக்காங்க சேத்து குடுத்தது. மீதி 80,500 வேணும். அம்பது ரூபாவா இருந்தாலும் குடுங்க, ரசீது உண்டு. சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரைக்கும் சென்டர்ல ஆள் இருப்போம், வர முடியாதவங்க கமிட்டில தெரிஞ்சவங்க யாரையாவது கேட்டா ஜிபே நம்பர் குடுப்பாங்க. பஸ்ஸுக்கு அட்வான்ஸ் இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டணும்.