அலை இல்லாத கரை எல்லாம் கயாக் இறக்கும் கரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பரமக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. நான்கு வருடங்களாக, கடை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் கயாக் என்னும் சிறிய துடுப்புப் படகில் போய்த் தூண்டில் போடுகிறேன். இப்போது மதுரை, திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பத்தடி கயாக்கை ஆன்லைனில் வாங்கி, கார் மேல் கட்டிக்கொண்டு ராமநாதபுரம் கரைகளுக்கு வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் எங்கே இறக்குவது என்று அவர்கள் இடம் பார்க்கும் விதம் எனக்குப் பயமாக இருக்கிறது. அலை இருக்கிறதா, இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

ராமேஸ்வரம் தீவில் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே அலை மோதும்போது வடக்கே குளம்போல் கிடக்கும். இதைக் கேட்டுவிட்டு, பெண் கடல் பக்கம் எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆனி மாதம். அக்கா மகன் மதுரையிலிருந்து வந்திருந்தான். அந்தப் பெண் கடல் பக்கத்து அரியமான் கரைக்கு மேற்கே சவுக்குத்தோப்பு ஓரமாக, காலை ஏழு மணிக்குக் கயாக்கை இறக்கினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த சிப்பி தெரிந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். அவன் துடுப்புப் போட்டுக்கொண்டு போனான்.

ஒரு கல்லெறி தூரம் வரைதான் கண்ணாடி. அதற்கு அப்பால் தண்ணீரின் நிறம் கருத்திருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் என்னவென்று புரியவில்லை. ஒன்பது மணி தாண்டியதும் அவன் கரைக்குத் திரும்பி வர முயன்றான். துடுப்பு போடுவது தெரிகிறது, படகு கிட்டே வரவில்லை. "மாமா, வரமாட்டேங்குது" என்று கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. அப்புறம் தலை மட்டும் தெரிந்தது. வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளத்துக்காரர் அவனையும் கயாக்கையும் இழுத்து வந்து கரையில் விட்டார். பையனுக்குக் கை தூக்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கேட்டது இவ்வளவுதான்: "தண்ணி அமந்து கிடக்குன்னு இறங்கிட்டீகளாண்ணே? காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாக்கலையா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை நம் பக்கம் கச்சான்காற்று, அதாவது மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் காற்று. மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்து வடகரையில் அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. தோப்பும் மேடும் மறைப்பதால் கரையோரத் தண்ணீரில் காற்றே படாது, அதனால்தான் அலை இல்லை. மறைவைத் தாண்டிய நொடியே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். போகும்போது படகு வழுக்கிக்கொண்டு போகிறதே என்று ஆனந்தமாக இருக்கும். திரும்பும்போதுதான் விஷயம் தெரியும். வெளியே அலை எழுந்திருந்தாலும் கரையில் நிற்பவருக்கு அதன் முதுகுதான் தெரிகிறது, நுரை தெரியாது. சின்ன அலை என்றே தோன்றும். தள்ளிக்கொண்டு போகும் திசையோ வடகிழக்கு. அங்கே 1974-இல் வகுத்த இலங்கை எல்லைக்கோடு இருக்கிறது.

ஆகவே இடம் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாள் கயாக்கை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். பைக்கில் போங்கள். நான் இப்போது செய்வது இதுதான்: காய்ந்த பனைமட்டைத் துண்டையோ தேங்காய் மட்டையையோ முழங்கால் தண்ணீரில் போட்டுவிட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். கரைக்கு வந்தால் சரி. கரையோரமாக நகர்ந்தால், எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முதலில் துடுப்புப் போட்டுப் போக வேண்டும், களைத்துத் திரும்பும்போது நீரோட்டம் உதவும். வெளியே போனால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆறு மணிக் கடலும் பத்து மணிக் கடலும் ஒன்றல்ல.

இன்னொரு அடையாளம் உண்டு. மண்டபம், பாம்பன் மீனவர்கள் பருவத்துக்கேற்ப வடகடலுக்கும் தென்கடலுக்கும் படகை மாற்றிக் கட்டுவார்கள். அந்த மாதம் நாட்டுப்படகுகள் எந்தக் கரையில் கட்டிக்கிடக்கின்றன என்று பாருங்கள். தெர்மாகோல் மிதவையில் தனியாளாகத் தூண்டிலுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் பேசுங்கள். நம் கயாக்குக்கு மிக நெருக்கமான தொழில் அவருடையது. கேட்டால் யாரும் மறைக்கமாட்டார்கள். கேட்காமல் இறங்கினால்தான் கோபம் வரும், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. மண்டபத்தைச் சுற்றிப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். அந்தக் கயிற்றில் கயாக் மாட்டினால் நமக்கு ஒரு கீறல். அவர்களுக்குப் பல வார உழைப்பு. கரைவலை இழுக்கும் இடமும் அப்படித்தான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பங்குனி, சித்திரை நல்லது. வாடை, அதாவது வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வரும் காற்று, ஓய்ந்து கச்சான் தொடங்காத நாட்கள். பாக் விரிகுடாவில் வெகுதூரம் ஆழம் குறைவு, ஓதத்தின் ஏற்றஇறக்கமும் ஒரு மீட்டரைத் தொடாது. கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள்ளேயே கடற்புல் திட்டுகளின் ஓரத்தில் இறால் துண்டு கோத்துப் போட்டால் ஊடகமும் கிழங்கானும் கிடைக்கும். மீனுக்காக வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடங்கள்; மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும்.

பாம்பன் பாலத்தடியில் மட்டும் இறக்காதீர்கள். இரண்டு கடலும் அந்தக் குறுகிய வாய் வழியாகத் தண்ணீர் மாற்றிக்கொள்கின்றன, அந்த இழுப்புக்குத் துடுப்பு ஈடு கொடுக்காது. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனையும் வேண்டாம். தென்கடல் பக்கம் வாடை மாதங்களில் அமைதியாகத் தெரியும், ஆனால் அங்கே 21 தீவுகளும் 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவை நெருங்குவது குற்றம். துடுப்பு மட்டும் பழக வேண்டும் என்றால் தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் கயாக் சவாரி இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் காற்று தெரியாது. மழைக்குப் பிறகு நிறைந்த கண்மாயும் பழக நல்ல இடம்தான். ஆனால் அங்கே மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவரைக் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது.

நான் கேட்பது இரண்டு. அரியமான், பிரப்பன்வலசை போன்ற கரைகளில் எந்த மாதம் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், கரையைப் பார்த்தா கடலைப் பார்த்தா என்று படம் போட்டு ஒரு பலகை வைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் கீழே கடலோரக் காவல் உதவி எண் 1093-ஐயும் இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554-ஐயும் பெரிதாக எழுத வேண்டும். அன்று கரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

இரண்டாவது, உங்கள் நாளிதழுக்கு. சூரிய உதயம், ராகுகாலம் போடும் பெட்டியில் தென்மாவட்டப் பதிப்பில் மட்டுமாவது ஒரு வரி சேர்க்க முடியுமா? இன்று பாக் விரிகுடாவில் காற்று எங்கிருந்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவில் எத்தனை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதிலிருந்து எடுத்துப் போட்டாலே போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பரமக்குடி.