தம்பிக்கு, குன்னூரிலிருந்து அப்பா

தம்பி,

பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து நீ சரியாகப் பேசவில்லை. அம்மாவிடம் இரண்டு நிமிடம், வேலை இருக்கும்மா, அவ்வளவுதான். வேலை இருக்கும், தெரியும். உன்னை டீம் லீடர் ஆக்கியதைக் கீழ்வீட்டு அத்தை வரைக்கும் நான்தான் போய்ச் சொன்னேன், ஆனால் எனக்கே அது உன் தங்கை சொல்லித்தான் தெரியும்.

என் கால் விஷயம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு மேட்டில் ஏறினால் பாதி வழியில் இடது கெண்டைக்கால் கல் போல இறுகிக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். குளிர்தான் காரணம் என்று இரண்டு வருடம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் டாக்டர் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்த்தார். 0.9க்குக் கீழே போனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று அர்த்தமாம். எனக்கு 0.62.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். குழாய்ச் சுவரில் கொழுப்பு, அதன்மேல் பால் ஆடை மாதிரி ஒரு மூடி. மூடி தடிமனாக இருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். உள்ளே அழற்சி இருந்தால் வெள்ளை அணுக்கள் புகுந்து மூடியை அரித்து மெலிதாக்கிவிடும், ஒருநாள் கிழியும், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியே அடைபடும். காலில் இருப்பவருக்கு நெஞ்சிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். பெரியப்பாவுக்கு எது முதலில் வந்தது என்று உனக்குத் தெரியும்.

அந்த மூடி எப்படி இருக்கிறது என்று ரத்தச் சோதனை நேராகச் சொல்லாதாம், ஜாடைதான் காட்டும். சிஆர்பி என்று கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து கூடுதல். எனக்கு 5.4. சளி பிடித்தாலும் ஏறும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், 4.6. உடம்பில் எங்கோ புகைகிறது என்று காட்டும், எந்த இடம் என்று காட்டாது. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜனும் அதிகம். பீடி, சிகரெட் குடித்தால் சிஆர்பி, ஃபைப்ரினோஜன் இரண்டுமே ஏறுமாம். கெட்ட கொழுப்பு 151 இருந்தது, மாத்திரையில் 64க்கு வந்திருக்கிறது. அந்த ஸ்டேட்டின் மாத்திரை மூடியையும் உறுதியாக்கும் என்றதால் ஒருநாளும் விடுவதில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு சோதனை, ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் ஒருவகைத் துகளை அளப்பது, அது கூடினால் அடைப்பு ஆபத்தும் கூடும். 50க்குள் இருப்பது நல்லது, எனக்கு 84. சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாக மாறாது, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவது. ஒருமுறை எடுத்தால் போதும். உனக்கு 34 ஆகிறது. எடுத்துவிடு தம்பி.

நீ கிளம்புவதற்கு முன்தினம் ராத்திரி உன் பச்சை ஜெர்கினில் கிழிந்திருந்த பையை அம்மா தைத்து வைத்தாள். உள்ளே இருந்ததை அப்படியே திரும்ப வைத்துவிட்டோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது.

ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் உன்னைத்தான் கடைக்கு அனுப்புவேன், ஒரு கட்டு பீடி, மீதிச் சில்லறைக்கு உனக்குத் தேன்மிட்டாய். உனக்கு ஆறு வயது. ஒருநாள் அடுப்பில் பற்றவைத்து எடுத்து வரச் சொன்னேன். நீ வாயில் வைத்து இழுத்து, இருமி, கண்ணெல்லாம் தண்ணீரோடு என்னிடம் நீட்டினாய். நான் சிரித்தேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்து திட்டினாள், அப்போதும் சிரித்தேன். இப்போது பெட்ஃபோர்டு ஏற்றத்தில் வலி வந்து நிற்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. தப்பு என்னுடையது தம்பி, உன்னுடையது இல்லை.

பீடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. சிம்ஸ் பார்க் ரோட்டில் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கிறேன், அப்படித்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார். முன்பு நூறு மீட்டர், இப்போது முந்நூறு.

அந்த லிப்போபுரோட்டீன் சோதனையை மறந்துவிடாதே. வரும் 18-ம் தேதி, சனிக்கிழமை, நான் கோயம்புத்தூரில் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன். வெள்ளி ராத்திரி ரயில் ஏறினால் காலையில் நீ அங்கேயே இறங்கலாம். எனக்கு வெறும் வயிற்றில்தான் எடுப்பார்கள், நீயும் சாப்பிடாமல் வா, முடிந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்.

அப்பா